பச்சைப் பொம்மைக்காகப் பிரித்துப் போட்ட பிக்கப்

2006-ஆம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போகிற சாலையில்தான் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பீங்கான் பொம்மை செய்துகொண்டிருந்தேன். அதுவரை எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற பொம்மைகள்தான். அந்த வருஷம் புதுச்சேரிப் பக்கத்து மாதா கோயில் ஒன்றிலிருந்து பங்குச் சாமியார் வந்தார். கிறிஸ்துமஸ் குடிலுக்கு முழு செட்டு வேண்டும், ஒவ்வொரு உருவமும் தொடை உயரம் இருக்க வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

செய்வதில் பிரச்சினை வரவில்லை. களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்து, காயவைத்து, ஈரத்துணியால் துடைத்து மழமழவென்று ஆக்கிவிட்டோம். மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள், சம்மனசு என்கிற இறக்கை வைத்த தேவதூதர், மாடு, கழுதை, ஆடுகள். இவற்றோடு நீளக் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கிற ஒட்டகம் ஒன்று. அந்த ஒட்டகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்காது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சுடாத பொம்மையை எங்கள் பக்கம் பச்சைப் பொம்மை என்போம். அது அப்பளம் மாதிரி. கொஞ்சம் அதிர்ந்தால் போச்சு. அவ்வளவு பெரிய உருவங்களைச் சுடுகிற சூளை விருத்தாசலம் டவுனில்தான் இருந்தது. கொட்டகையிலிருந்து சூளைக்குக் கொண்டுபோவது என் வீட்டுக்காரரின் பிக்கப்பில்.

என் வீட்டுக்காரர் பல வருஷம் அடுத்தவர்களின் லாரியை ஓட்டி, கடைசியில் சொந்தமாக வாங்கிய வண்டி அது. நெல் மூட்டை, சிமெண்ட், கரும்பு என்று எதை ஏற்றினாலும் இழுக்கும். ஆனால் பாரம் குறைந்தால் பின்பக்கம் குதிரை மாதிரி எகிறும். முதல் நடையில் பொம்மைகளை வைக்கோலில் புதைத்து அனுப்பினேன். சூளை வாசலில் தார்ப்பாயை விலக்கினால், ஆடுகளுக்குக் காதில்லை. சம்மனசுக்கு ஒரு இறக்கை இல்லை. ஒட்டகத்தின் தலை மாட்டின் முதுகில் கிடந்தது.

மறுபடி செய்தோம். இந்தத் தடவை மணல் மூட்டைகளை அடியில் அடுக்கி, வண்டியைக் கனமாக்கிக் கொண்டுபோனோம். பாதி தப்பித்தது. ஒட்டகம் தப்பவில்லை. பின்னால் அடுக்காக வளைந்து பாரம் தாங்குகிற கமான் பட்டையில் இரண்டைக் கழற்றிப் பார்த்தார் வீட்டுக்காரர். வண்டி மெத்தென்று ஆவதற்குப் பதில் வளைவில் ஆளையே சாய்த்தது. பயந்துபோய்த் திரும்ப மாட்டிவிட்டார். கழுத்தையும் இறக்கையையும் தனியாகச் சுட்டு ஒட்டலாமே என்று கேட்பீர்கள். சூளையில் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். அப்புறம் பொருந்தவே பொருந்தாது.

செய்தி கேட்டுச் சாமியாரே வந்து பார்த்தார். நல்ல மனுஷன். "ஒடைஞ்சத ஒட்டிக் குடுத்தாலும் பரவாயில்லம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. கொட்டகைப் பெண்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். சூளையில் எங்களுக்கு இன்னும் ஒரு முறை மிச்சம் இருந்தது. அதை விட்டால் அடுத்த முறை கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்தான். பாலிடெக்னிக் படித்துவிட்டு, டவுனில் கூட்டாளி ஒருவனோடு வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். சாப்பிட்ட கையோடு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். கண் மட்டும் பளபள என்று இருந்தது.

"அக்கா, கோளாறு ரோட்டுல இல்ல. பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே இரும்புல கோத்துக் கெடக்குது. நடுவுல சக்கரத்த சுத்த வெக்கிற குண்டு டிஃப்ரன்ஷியல் வேற. ஒரு சக்கரம் பள்ளத்துல உழுந்தா மொத்த கனமும் சேந்து உழுந்து, சேந்து எகிறுது. ரெண்டு சக்கரத்தையும் தனித்தனியா வுட்டுட்டோம்னு வையி, எது பள்ளத்துல உழுதோ அது மட்டும் எறங்கி ஏறிக்கும். மேல இருக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"வண்டிய பாதியா வெட்டப் போறியாடா மச்சான்?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"வெட்டல மாமா. பின்னங்கால மட்டும் மாத்துறோம்."

"இத்தன வருஷமா இப்பிடித்தானே ஓடுது?"

"நெல்லு மூட்டைக்குக் காது கெடையாது மாமா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது காலையிலேயே துடைத்த கண்ணாடி.

இரண்டு நாள் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் காலையில், "ஒன் தம்பிய வரச்சொல்லு. பிரேக் இன்ஸ்பெக்டரைக் கேக்காம நான் வண்டிய தொட வுட மாட்டேன்" என்றார். எனக்கு அதுவே போதும். குதிக்காத குறைதான்.

தம்பி ஒரு படம் வரைந்து எடுத்துக்கொண்டான். மூன்று பேரும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "செஞ்சு எடுத்துக்கிட்டு வாங்க. நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் இதுல ஒரு லோடு ரோட்டுக்கு வரக்கூடாது" என்றார். வெளியே வந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எங்களிடம் அப்போது ஒரு சாமான்கூடக் கிடையாது!

சாமான் புதுச்சேரியில் கிடைத்தது. தம்பியும் என் வீட்டுக்காரரும் நாலைந்து காயலாங்கடை ஏறி இறங்கியிருக்கிறார்கள். கடைசிக் கடையில், முன்பக்கம் நசுங்கிப் போன ஜெர்மன் கார் ஒன்று செடி மண்டிக் கிடந்ததாம். பின்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. டிஃப்ரன்ஷியல், அதிலிருந்து இரண்டு பக்கமும் போகிற ஷாஃப்ட், சக்கரத்தைத் தாங்குகிற கைகள், எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் முழுசாக இருந்தன. சட்டத்தோடு கழற்றி, பழைய பாயில் சுற்றி, எங்கள் பிக்கப்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தன்னைப் பிரித்துப் போடப் போகிற சாமானைத் தானே சுமந்துகொண்டு வந்தது, பாவம், அந்த வண்டி.

பட்டறையில் வேலை தொடங்கிய அன்று நானும் போனேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்து, கேஸ் கட்டரைப் பற்றவைத்தான் தம்பி. கமான் பட்டை மாட்டியிருந்த கொக்கியில் நெருப்பு பட்டதும் பொறி பறந்தது. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரரைக் காணோம். எதிர்ப்பக்க டீக்கடையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு சக்கரத்தையும் கோத்திருந்த பழைய ஆக்சில் 'டொம்' என்று தரையில் இறங்கியபோது அவர் தோள் ஒரு தடவை துள்ளியது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். முகத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பில் ஒரு துடிப்பு வரும். காலையில் கொட்டகையில் மூன்றாம் தடவையாக ஒட்டகம் செய்வேன். மதியம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடுவேன். ஒவ்வொரு நாளும் வண்டி வேறு மாதிரி நிற்கும். ஒருநாள் பின்னங்கால் இல்லாமல். ஒருநாள் புதுச் சட்டம் தொங்கிக்கொண்டு. காரின் சுருள் ஸ்பிரிங் பாரம் தாங்காது என்று, வேறொரு வண்டியிலிருந்து தடித்த சுருளாகத் தேடி வந்து மாட்டினான். பிரேக் குழாயை மட்டும் ஒன்றுக்கு மூன்று தடவை சோதித்தான். புதுச் சக்கரத்தில் போல்ட் இருக்கிற இடமே வேறு; முன்சக்கரம் பின்னால் சேராது, பின்சக்கரம் முன்னால் சேராது. "இனிமே ஸ்டெப்னியே ரெண்டு வெச்சுக்கிட்டு ஓட்டணுமா?" என்று தலையில் கைவைத்தார் என் வீட்டுக்காரர். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். டீக்கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். தம்பி கேட்பதற்கு முன்பே ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

வண்டி தன் காலில் நின்ற அன்று மழை விட்டிருந்தது. பட்டறைக்குப் பின்னால், மூடிக் கிடந்த கம்பெனி ஒன்றின் மதிலுக்குள் நீளமான மண்பாதை இருந்தது. காவலாளியிடம் சொல்லிவிட்டு அங்கே கொண்டுபோனோம். வீட்டுக்காரர் ஓட்டினார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். நான் மதிலோரம் நின்றேன்.

முதல் ரவுண்டு மெதுவாக. பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் மட்டும் தொபுக்கென்று இறங்கி மேலே வந்தது. மேலே பாரம் ஏற்றுகிற பெட்டி அலுங்கவில்லை! கை தட்டிக்கொண்டே நானும் கூட ஓடினேன். இரண்டாவது ரவுண்டில் கொஞ்சம் வேகம் எடுத்தார். திரும்பி வரும்போது வண்டியிலிருந்து ஒரு உறுமல் வந்தது. அடுத்த நொடி 'டமார்' என்று சத்தம். இன்ஜினிலிருந்து பின்னால் போகிற நீளமான ஷாஃப்ட் ஒரு முனை பிய்ந்து, கீழே விழுந்து, மண்ணை வாரி அடித்துக்கொண்டே வந்தது. அவர் எப்படித்தான் நிதானமாகப் பிரேக்கை மிதித்தாரோ, வண்டி எனக்கு முன்னால் வந்து நின்றது.

இரண்டு பேரும் இறங்கினார்கள். குனிந்து பார்த்தால், சுழன்ற ஷாஃப்ட் அடித்து அடிப்பக்கத் தகடே நெளிந்து போயிருந்தது. அந்த நெளிவுக்கு ஒரு சாண் தள்ளித்தான் பிரேக் குழாய். அது அறுந்திருந்தால் வண்டி நேராக மதிலில் போய் மோதியிருக்கும்.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். பட்டறைக்கு வந்ததும் மூலையில் கிடந்த பழைய ஆக்சிலைக் காட்டி, "மாமா, இத திரும்ப மாட்டிக் குடுத்துடறேன். ரெண்டு நாள்ல வண்டி பழையபடி ஆயிடும். ஒங்கள சாவடிக்கப் பாத்தேன்" என்றான்.

எனக்கும் மனசு விட்டுப்போயிற்று. பொம்மை போனால் போகட்டும், இரண்டு உயிர் தப்பித்ததே என்று தோன்றியது. சூளைக்காரரிடம் எங்கள் முறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் தம்பியின் பக்கத்தில் போய்க் குந்தினார். "மச்சான், அந்த ஒறுமல் வர்றதுக்கு முன்னாடி எப்பிடிப் போச்சு தெரியுமாடா? நீதான் பக்கத்துல இருந்தியே. வெண்ணெ மேல போற மாதிரி போச்சுடா. இத்தன வருஷம் ஓட்டியிருக்கிறேன், என் முதுகுக்கு இப்பிடி ஒரு சொகத்த நான் கண்டதில்ல. இத காட்டிட்டு இப்ப பழசையே மாட்டறேங்கிற?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். நானும்தான்.

"ஒடைஞ்சது போல்ட்டுதான? அது ஏன் ஒடைஞ்சதுன்னு பாரு. மொத ரவுண்டுல ஒண்ணும் இல்ல. நாப்பதத் தாண்டினப்பதான் நடுக்கம் வந்துச்சு. ஸ்டியரிங்ல இல்ல, என் சீட்டுக்கு அடியில" என்றார்.

தம்பி துள்ளி எழுந்து டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனான். "மாமா! மூக்கு!" என்று கத்தினான். பழைய ஆக்சில் பட்டையோடு சேர்ந்து ஏறி இறங்கும். புது டிஃப்ரன்ஷியல் வண்டியின் சட்டத்தோடு அசையாமல் நிற்கும். ஷாஃப்ட் வந்து சேருகிற அதன் மூக்கை அவன் கொஞ்சம் மேல்நோக்கி வைத்துவிட்டான். கியர்பாக்ஸிலிருந்து வருகிற ஷாஃப்ட் ஒரு கோணத்தில் புறப்பட்டு வேறு கோணத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேகம் கூடக் கூட அது உதறி, போல்ட்டுகளை அறுத்துவிட்டது. இரண்டு முனையும் ஒரே கோணத்துக்கு வந்தால் உதறல் இருக்காது என்றான்.

மறுநாளே பிடித்திருந்த இடங்களைப் பிரித்து, மூக்கைத் தாழ்த்தி, புதிதாகப் பற்றவைத்தார்கள். ஷாஃப்ட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் நேராக்கி வாங்கிவந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு அடியில் தடித்த இரும்பு வளையம் ஒன்றும் மாட்டினான் தம்பி. இனி போல்ட் அறுந்தாலும் தரைக்கு வராது. அதே மண்பாதையில், முதலில் காலியாக, பிறகு மணல் மூட்டையோடு, நாற்பது, ஐம்பது, அறுபது என்று போய்ப் பார்த்தார்கள். உறுமலும் இல்லை, நடுக்கமும் இல்லை. தம்பி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு ஏதோ கத்தினான். என்ன என்று காதில் விழவில்லை, ஆனால் நானும் பதிலுக்குக் கத்தினேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்னபடி தானே ஓட்டினார். நேராக ஓட்டி, வளைத்து ஓட்டி, திடீரென்று பிரேக் அடித்து, இறங்கி, தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டே குனிந்து குனிந்து பார்த்தார். "பாரம் பாதிதான் ஏத்தணும். அதுக்கு மேல ஏத்தினீங்கன்னு தெரிஞ்சா நானே வந்து புடிப்பேன்" என்றார். கிளம்பும்போது தம்பியின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் அந்த நாள் வந்தது. ராத்திரியெல்லாம் பெய்த மழை காலையில் தூறலாகியிருந்தது. மொத்தக் குடிலையும் வைக்கோல் மேல் நிறுத்தித் தார்ப்பாயால் கூரை கட்டினோம். வீட்டுக்காரர் ஓட்டினார், தம்பி பக்கத்தில். பின்னால் நானும் என்னோடு வேலை செய்த பக்கத்து வீட்டு அண்ணியும். அண்ணி சம்மனசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒட்டகத்தின் கழுத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டேன். தொடவில்லை, தொட்டால் அதுவே உடைத்துவிடும்.

பாதி தூரம் சொகுசாக வந்தது. அப்புறம் வழியில் ஒரு மதகு. பக்கத்து ஓடைத் தண்ணீர் சாலையில் ஏறி நின்றது. எதிரே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நடுச்சாலையில் வந்தது. ஒதுங்க இடமில்லை. அவர் இடப்பக்கம் வளைத்தார். தண்ணீருக்கு அடியில் எவ்வளவு பள்ளம் என்று யாருக்குத் தெரியும்?

"மாதாவே!" என்று அண்ணி கத்தியது காதில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குக் கீழே சக்கரம் கிணற்றில் விழுகிற மாதிரி இறங்கியது. தண்ணீர் பீறிட்டு அடித்து என் முதுகை நனைத்தது. பெட்டி ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஒரு தரம் தாழ்ந்து, மெதுவாக ஒரு தரம் எழுந்து, நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தேன். ஒட்டகம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது, கழுத்தோடு!

கேபின் தகரத்தை இரண்டு கையாலும் அடித்தேன். அவர் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டு முகம் வெளுத்து ஓடிவந்தார். தம்பி பின்னாலேயே வந்தான். நான் ஒட்டகத்தைக் கையால் காட்டினேன். அவர் தார்ப்பாயை விலக்கி உள்ளே ஏறி, ஒவ்வொரு ஆட்டின் காதையும் மாட்டின் கொம்பையும் விரல் நுனியால் தடவிப் பார்த்தார். சம்மனசின் இறக்கை இரண்டையும் பார்த்தார். பிறகு நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"இன்னொரு தடவ அந்தப் பள்ளத்துல வுட்டுப் பாக்கலாமா?"

"மொதல்ல பொம்மைய எறக்குங்க, அப்புறம் எங்க வேணும்னாலும் வுடுங்க!" என்று கத்தினேன். அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். தம்பி சாலையிலேயே ஆடினான். அந்த வழியாக சைக்கிளில் போனவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சூளையிலிருந்து ஒட்டகம் முழுசாகத்தான் வந்தது. வர்ணம் பூசி, அதே வண்டியில் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் நாங்களே குடிலில் நிறுத்தினோம். கிறிஸ்துமஸ் இரவு போய்ப் பார்த்தபோது, சாமியார் எங்களை முன்வரிசைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். அதன் பிறகு விருத்தாசலம் பக்கத்துப் பொம்மைக்காரர்கள் பச்சைப் பொம்மை கொண்டுபோக எங்கள் வண்டியைத்தான் தேடி வந்தார்கள். பாதி பாரம்தான் ஏற்றினார் என் வீட்டுக்காரர், அதற்கு மேல் யார் கெஞ்சினாலும் கேட்க மாட்டார். நெல் மூட்டைக்கு அந்த வண்டி அப்புறம் போகவே இல்லை.

எத்தனையோ பொம்மை செய்துவிட்டேன், எத்தனையோ உடைந்தும் போயிருக்கிறது. ஆனால் ஆசையாக வாங்கிய வண்டியில் பிறர் நெருப்பு வைக்கச் சம்மதித்த மனுஷன், அது கெட்டுப்போய் நின்ற அன்று முதல் ஆளாகப் போய்த் தம்பியின் பக்கத்தில் குந்தினாரே, அதை நினைக்கும்போதெல்லாம், யாராவது புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கிறேன் என்று என் முன்னால் வந்து நின்றால் நடக்குமா நடக்காதா என்று கேட்க எனக்கு நாக்கு எழுவதில்லை; அவர்களோடு கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கத்தான் தோன்றுகிறது.